மான் ஈ கடித்தால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, ஜூன் கடைசியில் ஒன்டாரியோவின் அல்கான்குயின் பூங்காவில் நடந்தபோது மஞ்சள் நிற ஈ ஒன்று பிடரியில் கடித்தது. அடித்த ஈயைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன ஈ இது?

பதில்: நசுங்காமல் அடித்ததற்கு நன்றி! இறக்கையின் குறுக்கே கரும்பட்டை ஓடுகிறது. எனவே இது கிரைசாப்ஸ் என்னும் மான் ஈ வகை. மஞ்சள் வயிற்றில் நீளவாக்கில் நான்கு கறுப்புக் கோடுகளும் இருப்பதால் கிரைசாப்ஸ் விட்டேட்டஸ் என்பேன். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பரவலாகக் காணப்படும் இனம். கிரைசாப்ஸ் என்றால் கிரேக்கத்தில் 'பொற்கண்'. உயிருள்ள ஈயின் கண்ணில் பச்சையும் பொன்னும் மின்னும். அவ்வளவு அழகு! செத்தபின் மங்கிவிடும். உங்கள் படத்தில் அது இல்லாதது எனக்கு வருத்தமே.

கேள்வி: குதிரை ஈயும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒரே குடும்பம். குதிரை ஈ உருவில் பெரியது. பட்டையில்லா இறக்கையே பெரும்பாலும்.

கேள்வி: கொசுக்கடியைவிட இவ்வளவு வலிப்பது ஏன்?

பதில்: கொசு ஊசிபோல் குத்தி உறிஞ்சுகிறது. மான் ஈயோ கத்திபோன்ற வாயுறுப்புகளால் தோலை அறுத்து, ஊறும் இரத்தத்தைக் குடிக்கிறது. கடிப்பது பெண் மட்டுமே; முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். ஆணுக்குப் பூந்தேன் போதும். ஆணின் இரு கண்களும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு நடுவே இடைவெளி உண்டு. சிக்கிய ஈ ஆணா பெண்ணா என்று லென்ஸில் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேள்வி: நோய் பரப்புமா?

பதில்: சில இனங்கள் பரப்பும். அமெரிக்காவின் மேற்கில் கிரைசாப்ஸ் டிஸ்காலிஸ் துலரீமியா என்னும் பாக்டீரியா நோயைப் பரப்புகிறது. யூட்டாவில் அதற்கு 'மான் ஈக் காய்ச்சல்' என்றே பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வேறு இரண்டு இனங்கள் லோவா லோவா என்னும் கண்புழுவைக் கடத்துகின்றன. வெறும் வீக்கமும் அரிப்பும் என்றால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில நாள் கழித்துக் காய்ச்சலோ கடிவாயில் புண்ணோ வந்தால் மருத்துவரிடம் ஈக்கடியைச் சொல்லத் தவறாதீர்கள்.

கேள்வி: வீட்டருகே சதுப்பு நிலம் இருக்கிறது. மருந்து அடித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மான் ஈ நீரை ஒட்டிய இலைகளில் முட்டையிடும். புழு சேற்றுக்குள் வளரும். அதே சதுப்பில்தான் தட்டான்களின் இளம்பருவமும் வளர்கிறது. வளர்ந்த தட்டான் மான் ஈயைப் பறந்தே பிடித்துத் தின்னும். மருந்து அதையும் கொன்றுவிடும். மான் ஈ நகரும் உருவத்தைத் துரத்தி, தலையைச் சுற்றி வட்டமிடும். வெளிர்நிற உடையும் தொப்பியும் அணியுங்கள். தொப்பியின் பின்புறம் பசைப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு நடந்தால் ஈக்கள் அதில் சிக்கும்.