இமாம் ஓதும்போது நான் ஓதலாமா?

கேள்வி: நான் ஷாஃபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) பின்பற்றுபவன். நான் தொழும் பள்ளிவாசலின் இமாம் ஹனஃபி. மஃரிப், இஷாவில் (மாலை, இரவுத் தொழுகைகளில்) குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா முடிந்த கையோடு அடுத்த சூராவை (அத்தியாயத்தை) தொடங்கிவிடுகிறார். நான் முடிப்பதற்குள் ருகூஉக்கும் (குனிதலுக்கும்) போய்விடுகிறார். நான் ஓதுவதா, அவர் ஓதுவதைக் கேட்பதா? பக்கத்தில் நிற்பவர் வேறு எனக்குக் கேட்கும்படி ஓதுவதால் என் ஓதல் தடுமாறுகிறது.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். இது புதிய குழப்பம் அன்று. ஹதீஸ் தொகுப்பாளர் இமாம் புகாரி இந்த ஒரே விஷயத்துக்காகத் தனி நூலே எழுதியிருக்கிறார். ‘குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருங்கள்’ என்ற 7:204 வசனத்தை முதன்மையாகக் கொண்டு, பின்நின்று தொழுபவர் எந்தத் தொழுகையிலும் ஓத வேண்டியதில்லை என்கிறார்கள் ஹனஃபிகள். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் ஃபாத்திஹா அவர்மீது கடமை இல்லை; சப்தமில்லாத தொழுகைகளில் ஓதுவது விரும்பத்தக்கது. ஃபாத்திஹா ஓதாதவருக்குத் தொழுகை இல்லை என்று உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், பின்நிற்பவரையும் உள்ளடக்கும் என்பது ஷாஃபிஈ நிலைப்பாடு. ஆகவே இமாம் ஹனஃபியாக இருப்பதால் உங்கள் கடமை மாறிவிடாது. எல்லா ரக்அத்திலும் (தொழுகையின் ஒவ்வொரு சுற்றிலும்) நீங்கள் ஓதத்தான் வேண்டும். அவர் பின்நிற்பவர்களுக்காக நிறுத்தாமல் போவதும் அவரது மத்ஹபின்படி குறையன்று.

எப்போது ஓதுவது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். இமாம் ஃபாத்திஹாவுக்குப் பின் சற்று நிறுத்துவார் என்றால் அந்த இடைவெளியில் ஓதுவது சிறந்தது. நிறுத்தமாட்டார், சிறிய சூராவோடு முடித்துவிடுவார் என்று அனுபவத்தில் தெரிந்திருந்தால் அவர் ஃபாத்திஹா ஓதும்போதே நீங்களும் தொடங்கிவிடுங்கள். நடுவில் அவரோடு ஆமீன் சொல்வதால் உங்கள் ஓதலின் தொடர்ச்சி முறியாது. விட்ட இடத்திலிருந்து ஓதலாம். பிஸ்மில்லாஹ்வை அவர் சப்தமாகச் சொல்லாவிட்டாலும் நீங்கள் விடக்கூடாது, அது உங்கள் மத்ஹபில் ஃபாத்திஹாவின் முதல் வசனம். அதன் பிறகு அவரது சூராவைக் கேட்டுக்கொண்டிருங்கள். சப்தமான தொழுகையில் நீங்கள் தனியாக ஒரு சூரா ஓத வேண்டியதில்லை.

அவர் குனிந்ததும் பாதியில் விட்டுவிட்டு நீங்களும் குனிந்துவிடுகிறீர்களா என்று எழுதவில்லை. ஓதி முடிக்கும் அளவு நேரம் இமாமோடு நிற்கும் நிலையில் கிடைத்தவர் அப்படிச் செய்யக்கூடாது. இயல்பாகவே மெதுவாக ஓதுபவர், முடித்துவிட்டுப் பின்தொடரலாம். ருகூஉ, இரண்டு ஸஜ்தா (சிரம்பணிதல்) என மூன்று நீண்ட நிலைகளுக்கு மேல் பின்தங்கினால், இமாம் இருக்கும் நிலையில் சேர்ந்துகொண்டு, அவர் ஸலாம் கொடுத்தபின் ஒரு ரக்அத்தை நிறைவேற்ற வேண்டும். சரியாக ஓதினோமா என்ற ஊசலாட்டத்தால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தாமதிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. தாமதமாக வந்து சேர்பவரின் சட்டம் வேறு: கிடைத்த அளவு ஓதிவிட்டு இமாமோடு ருகூஉக்குப் போகலாம், மீதி அவரைவிட்டு நீங்கிவிடும். அப்படித் தாமதமாக வந்தவர் வஜ்ஜஹ்த்து (தொடக்கப் பிரார்த்தனை) ஓதி நேரத்தைச் செலவிடக்கூடாது.

முந்திக்கொள்ளும் அவசரத்தில் எழுத்துகளை விழுங்கிவிடாதீர்கள். ஃபாத்திஹாவில் 14 இடங்களில் ஷத்து (எழுத்தை அழுத்தி இரட்டிப்பது) வருகிறது. ஒன்றை விட்டாலும் ஓர் எழுத்தை விட்டதற்குச் சமம். ‘இய்யாக’ என்பதை அழுத்தாமல் ‘இயாக’ என்றால் பொருளே மாறிவிடுகிறது. மனதுக்குள் நினைப்பதும் ஓதல் ஆகாது. நாவும் உதடும் அசைந்து, இரைச்சல் இல்லாத இடத்தில் உங்கள் காதுக்கு எட்டும் அளவு இருக்க வேண்டும்.

தன் காதுக்கு மட்டும் எட்டும்படி ஓதுவது என்ற இந்த அளவு பக்கத்தில் நிற்பவருக்கும் பொருந்தும். ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுவித்தபோது பின்னால் ஒருவர் ஸப்பிஹிஸ்ம சூராவை ஓதினார். தொழுகை முடிந்ததும், ஓதியது யார் என்று கேட்டு, யாரோ தம்மிடமிருந்து ஓதலைப் பறிப்பதுபோல் உணர்ந்ததைச் சொன்னார்கள். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் நூலில் உள்ளது. ஜமாஅத் கலைந்தபின், தனியாக, இதைச் சொல்லியே அவருக்கு நினைவூட்டுங்கள். செவி மந்தமானவராக இருந்தால் தன் குரல் உயர்வது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்போது ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) இடம் மாறி நிற்பதுதான் உங்கள் இருவருக்கும் எளிது.