பிழையான அணுக்களும் பலாங்கொடைக் கல்லும்

வணக்கம் சேர்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை அணுப் பாடம். டால்டன் சொன்னதைச் சொல்லி, அது பிழை என்றேன். தொம்சன் சொன்னதைச் சொல்லி, அதுவும் பிழை என்றேன். ரதபோர்ட், போர் என்று அப்படியே போனேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பினான். "டீச்சர், எல்லாருமே பிழையாத்தான் சொல்லியிருக்காங்க. அப்ப இப்ப புத்தகத்துல உள்ளது மட்டும் எப்படிச் சரி? இன்னும் அம்பது வருசத்துல அதையும் பிழைனுதானே சொல்வாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அவனுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். வீட்டில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை, விடமாட்டான். அவனுக்கு என்ன சொல்ல? சோதனைக்கு எழுதுகிற விடை வேண்டாம்.

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அம்மா கொழுந்து எடுக்கிறவர் என்றால் பாதி வேலை முடிந்தது. மடுவத்தில் கொழுந்து நிறுப்பதை அவன் பார்த்திருப்பான். தராசு காட்டுவது ஒன்று. ஈரம், சாக்கு என்று கழித்துவிட்டுத் துண்டில் எழுதுவது வேறொன்று. சண்டை வருவது எழுதின கணக்கில்தான். அணுவின் கதையிலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டால்டனையே எடுப்போம். தண்ணீரில் ஒட்சிசனும் ஐதரசனும் என்ன நிறை விகிதத்தில் சேர்கின்றன என்று பார்த்து, ஒட்சிசன் அணு ஐதரசன் அணுவைப் போல் 7 மடங்கு பாரம் என்று 1808இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். இன்று நாம் 16 என்கிறோம். எங்கே பிசகினார்? அவர் காலத்து அளவீட்டில் சின்னக் குறை: விகிதம் 8க்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். பெரிய குறை, தண்ணீரில் ஒட்சிசன் ஒன்றுக்கு ஐதரசனும் ஒன்றே என்று அவர் ஊகித்தது. ஐதரசன் இரண்டு என்று திருத்தியதும் 8 இரட்டித்து 16 ஆகிவிட்டது. தராசின் 8 இன்றைக்கும் 8தான். மாறியது துண்டில் எழுதியது.

அவர் சொன்ன இன்னொன்று, ஒரே மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே பாரம் என்பது. இதை உடைத்ததில் நம்முடைய கல்லுக்கும் ஒரு பங்கு உண்டு.

பொகவந்தலாவையிலிருந்து மலை இறங்கினால் பலாங்கொடை. அந்தப் பக்கத்து மாணிக்கக் கற்களோடு, கறுப்பாக, அளவுக்கு மீறிய பாரத்தோடு சின்னச் சின்னக் கனசதுரக் கற்கள் கிடைத்தன. 1904இல் அது புதிய கனியம் என்று தெரிந்தது. தோரியம் என்ற கதிர்வீசும் மூலகம் அதில் நிறைய இருந்தது. பெயர் தோரியனைற்று. அந்த வேலையில் முன்னின்றவர் அப்போது இலங்கைக் கனிய ஆய்வுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. ஆம், நடராசர் சிலையைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். கலை பக்கம் போகுமுன் அவர் கல் பார்த்துத் திரிந்தவர்.

அந்தக் கல் லண்டனுக்குப் போனது. இரசாயனவியலாளர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஆங்கிலம் பழகவென்று வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞரிடம், தோரியனைற்றிலிருந்து பிரித்த உப்பைக் கொடுத்து ரேடியம் எடுக்கச் சொன்னார்கள். 1905இல் அவர் அதற்குள் வேறொரு கதிர்ப்பொருளைக் கண்டு, ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். பிறகுதான் தலையிடி தொடங்கியது. அதைத் தோரியத்துடன் கலந்துவிட்டால் எந்த இரசாயன வித்தையாலும் பிரிக்க முடியவில்லை. கதிர்வீச்சில் இரண்டு, இரசாயனத்தில் ஒன்று. (1938இல் பேர்லினில் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனியம் பிளவுபடுவதைக் கண்டதும் இதே ஹான்தான். அந்தக் கதைக்குள் இப்போது போகவில்லை.)

இப்படிப் பிரிக்க முடியாத சோடிகள் கூடிக்கொண்டே போயின. 1913இல் கிளாஸ்கோவில் பிரெடெரிக் சொடி, இவை ஆவர்த்தன அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காரும், பாரம் மட்டும் வேறுபடும் அணுக்கள் என்றார். நம் பாடப்புத்தகம் சொல்லும் 'சமதானி' என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் பிரித்துக் காட்டுங்கள்: சம தானம், ஒரே இடம். நல்ல தமிழாக்கம். மனப்பாடம் செய்யவைத்தே அதைக் கொன்றுவிட்டோம்.

சொல்லிவிட்டால் போதுமா, நிறுத்துக் காட்ட வேண்டாமா? தோரியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. யுரேனியமும் அப்படித்தான். சொடியின் கணக்குப்படி தோரியத்தில் பிறந்த ஈயத்துக்கு 208 பாரம், யுரேனியத்தில் பிறந்ததற்கு 206. சாதாரண ஈயம் 207க்குச் சற்று மேல். அப்படியானால் தோரியம் நிறைந்த கல்லிலிருந்து எடுக்கும் ஈயம் கடை ஈயத்தைவிடப் பாரமாக இருக்க வேண்டும். அதற்கு அவர் எடுத்தது தோரைற்று என்ற வேறொரு கல். அதுவும் இலங்கையிலிருந்து போனதுதான். 1914இல் முதல் முடிவு வந்தது. பாரம் கூட. அடுத்த ஆண்டு அடர்த்தியையும் அளந்தார். அதே பருமனுள்ள சாதாரண ஈயத்தைவிட 0.26 வீதம் அதிகம். கிலோவுக்கு இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். மடுவத்துத் தராசில் அது அசையவே அசையாது.

டால்டனுக்கு இது ஏன் தெரியவில்லை என்று பொடியன் கேட்பான். கேட்கட்டும். அவர் கையில் எடுத்த ஈயமெல்லாம் பல சமதானிகள் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்தது. எப்போது நிறுத்தாலும் சராசரிதான் வரும். கலவை மாறிய ஒரு கல் வராதவரை அவர் சொன்னதை மறுக்கச் சாட்சி இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மேடைகளில் "அணுவை அன்றே அறிந்த தமிழன்" என்று முழங்குகிறவர்கள் இதையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாது. கல் நம்முடையது, நிறுத்தது கிளாஸ்கோவில்.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டார். அணுவுக்குள் இலத்திரன்கள் அங்கங்கே பதிந்து கிடக்கின்றன என்றார். 'பிளம் புடிங்' என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை, அவர்கள் அதைக் கண்டதே இல்லை. கடைப் பணிஸ் என்று சொல்லுங்கள். அங்கங்கே முந்திரிகை வத்தல் கிடக்கும். சில கடைப் பணிஸில் ஒன்றே ஒன்றுதான் கிடக்கும். அது ஐதரசன். 1909இல் ரதபோர்ட்டின் ஆய்வுகூடத்தில் கைகரும், 20 வயது மாணவரான மார்ஸ்டனும் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, திரையில் மின்னும் சின்னப் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். உலோகத் தகட்டில் பட்ட ஆயிரக்கணக்கான அல்பாத் துகள்களில் (கதிர்ப்பொருளிலிருந்து பாயும் துகள்கள்) ஒன்று திரும்பி வந்தது. பணிஸ் அதைத் திருப்பி எறியாது. 1911இல் ரதபோர்ட் அணுவுக்கு நடுவில் கருவை வைத்தார். 1932இல் சட்விக் கருவுக்குள் இருக்கும், ஏற்றமில்லாத துகளான நியூத்திரனைக் கண்டதும் சொடியின் ஈயத்துக்கும் காரணம் தெரிந்தது: இரண்டிலும் புரோத்தன் 82தான். 208இல் நியூத்திரன் 126, 206இல் 124.

அம்பது வருசம் கழித்து என்ன சொல்வார்கள்? இப்போது நாம் கருவைச் சுற்றி இலத்திரனை முகில்போல் கீறும் படம் மாறலாம். அதை மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் புதிதாக வருகிற படம் எதுவானாலும், தண்ணீரின் அந்த 8ஐயும், திரும்பி வந்த அந்தத் துகளையும், ஈயத்தின் அந்த 0.26ஐயும் அது விளக்கியே ஆக வேண்டும்.

பாடசாலையில் ஓடுகிற ஒரு தராசு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். பத்து யோகட் கோப்பைகளை எடுத்து, ஒரே அளவு ஆணிகளை ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ஐந்து, மற்றதில் எட்டு என்று மனம்போனபடி போட்டு ஒட்டிவிடுங்கள். வெறுங்கோப்பை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். திறக்காமல், நிறுத்து மட்டும் பார்த்து, ஒரு ஆணி எவ்வளவு பாரம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அந்தப் பொடியன் கோப்பையைத் திறந்து காட்டச் சொல்லி அடம்பிடிப்பான். காட்டாதீர்கள்.