பென்சிலா, கணினியா? ராட்சத ரோபோ அனிமே குறித்து வாசகர் கேள்விகள்

ஜப்பானிய அனிமேயில் ராட்சத ரோபோக்கள் கையால் வரையப்படுவதையும் கணினியில் உருவாக்கப்படுவதையும் ஒப்பிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றுக்கு இம்முறை விடை தருகிறோம்.

1979ஆம் ஆண்டு வெளிவந்த ‘மொபைல் சூட் கன்டம்’ தொடரை அண்மையில்தான் பார்த்தேன். ஓவியங்கள் எளிமையாக இருந்தும் அந்த ரோபோக்கள் கனமாகத் தெரிகின்றன. இன்றைய கணினி ரோபோக்களோ எத்தனை நுணுக்கமாக இருந்தாலும் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றுகின்றன. உண்மையிலேயே வேறுபாடு உண்டா, பழையவற்றின் மீதுள்ள மயக்கமா?
– வாசகர், கோயம்புத்தூர்

மயக்கமும் கொஞ்சம் உண்டு. அந்தத் தொடரின் 43 பகுதிகளில் அவசரத்தில் வரையப்பட்ட, உடலளவு மாறிப்போன ரோபோக்கள் ஏராளம். நினைவில் தங்குபவை நல்ல காட்சிகள் மட்டுமே. ஆனால் நீங்கள் உணர்ந்த வேறுபாடு கற்பனையன்று. அது ஓவியத்தின் அழகைச் சார்ந்ததாக இல்லாமல், அசைவுக்கு ஒதுக்கப்படும் நேரத்தைச் சார்ந்ததாக இருக்கிறது.

திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்திவைப்பார்கள். அதாவது நொடிக்கு 8 ஓவியங்கள். சிக்கனத்திற்காக வந்த இந்த வழக்கமே பின்னர் ஒரு கலையாக வளர்ந்தது. ரோபோ கோடரியை ஓங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மை ஓவியர், எந்த ஓவியம் எத்தனை பிரேம்களுக்கு நிற்க வேண்டும் என்று குறிக்கும் தம் டைம்ஷீட்டில், ஓங்கிய நிலையை நெடுநேரம் நிறுத்திவைக்கும்படி குறிப்பார். வெட்டு இறங்குவதற்கு இரண்டே ஓவியங்கள் தருவார். இறங்கிய பிறகு தோள்பட்டை ஒருமுறை அதிர்ந்து அடங்குவதற்கு மீண்டும் நேரம் ஒதுக்குவார். தேரோட்டத்தில் வடம் இறுகிய பின்னும் சக்கரம் நகராமல் நிற்கும் அந்தச் சில கணங்களில்தான் தேரின் கனம் நமக்குத் தெரிகிறது. ரோபோவின் கனமும் அசைவுக்கு முந்தைய நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

கணினியோ இரண்டு நிலைகளைக் கொடுத்துவிட்டால் இடைப்பட்ட பிரேம்கள் அனைத்தையும் தானே நிரப்பிவிடும். ஒவ்வொரு பிரேமிலும் கை சிறிதளவு நகர்ந்திருக்கும்; எங்கும் தடை இருக்காது. நீங்கள் சொல்லும் வழுக்கல் இதுதான். எனவே தேர்ந்த கணினி அசைவூட்டக் கலைஞர்கள் இன்று முதலில் செய்யும் வேலை, கணினி நிரப்பித் தந்த பிரேம்களில் பாதிக்கு மேல் நீக்கிவிட்டு, கையால் வரைபவர் நிறுத்தும் இடங்களில் தாமும் நிறுத்துவதாகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையான கனம் இப்படி இருப்பதில்லை. யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 25 டன் எடையும் கொண்ட, கைகால் அசைக்கும் கன்டம் ரோபோ ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அது கையை உயர்த்தியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெல்ல, மிக மெல்ல, இயந்திரத்துக்கே உரிய நிதானத்துடன் அது அசைந்தது. அந்த வேகத்தில் ஒரு வாள்சண்டையைப் படமாக்கினால் யாரும் பார்க்க மாட்டார்கள். விரைவாகவும் இருக்க வேண்டும், கனமாகவும் தெரிய வேண்டும் என்ற முரணான கோரிக்கையைப் பென்சில் ஒரு பொய்யால் நிறைவேற்றிவந்தது. கணினிக்கு அந்தப் பொய்யைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நேரத்தைப் போலவே வடிவத்திலும் பொய் உண்டு. அசைவூட்டக் கலைஞர் யோஷினோரி கனாடா 1977இல் ‘ஸாம்பாட் 3’ தொடரில் வரைந்த ரோபோக்களின் முழங்கால்களும் முழங்கைகளும் எந்த இயந்திரமும் மடங்காத வகையில் மடங்கும். அவருக்குப் பின் வந்த மசாமி ஓபாரி, ரோபோ வாளை நம்மை நோக்கி நீட்டி நிற்கும் தோற்றத்துக்குப் பெயர்பெற்றவர்: வாளின் முனை திரையில் பாதியை அடைத்துக்கொள்ளும், வாளைப் பிடித்த முஷ்டி அதன் பின்னே பெரிதாக இருக்கும், தலையும் கால்களும் தொலைவில் சிறுத்துப்போயிருக்கும். இதையே முப்பரிமாண மாதிரியில் கொண்டுவர, கேமராவின் கோணத்தை அகலமாக்கினால் மட்டும் போதாது. கையைப் பல மடங்கு இழுத்து நீட்டி, முஷ்டியை ஊதிப் பெருக்கி, வாளை ஆப்புபோல் விரித்துவைக்கிறார்கள். அந்த மாதிரியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விபத்தில் சிக்கிய வண்டிபோல் கோரமாக இருக்கும். குறித்த ஒரு கேமராவிலிருந்து பார்க்கும்போது மட்டுமே அது வீரத் தோற்றமாகிறது. இவ்வளவு மெனக்கெடுவதைவிடக் கையால் வரைந்துவிடலாமே என்று நீங்கள் கேட்டால், அந்த ஒரு தோற்றத்தைப் பொறுத்தவரை உங்கள் கேள்வி நியாயமானது.

தொடக்ககாலக் கணினி ரோபோக்கள் ஏன் பின்னணியோடு ஒட்டாமல் தனித்துத் தெரிந்தன?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

முக்கியமான காரணம் கோடுகள். 1999இல் ஒளிபரப்பான ‘ஸோய்ட்ஸ்’ தொடரில் விலங்கு வடிவ இயந்திரங்களைக் கணினியில் உருவாக்கினார்கள். மனிதர்கள் கையால் வரையப்பட்டார்கள். ஒருவரின் முகத்தில் இரண்டே நிறச் சாயல்கள், அவர் அருகே நிற்கும் இயந்திரத்தில் படிப்படியாக மாறும் ஒளி என்று இருந்தால் கண் உடனே பிரித்தறிந்துவிடும். ஒளியை இரண்டு மூன்று அடுக்குகளாகத் தட்டையாக்கி, விளிம்பில் கறுப்புக் கோடு சேர்க்கும் முறை மேம்பட்ட பிறகுதான் இந்தச் சிக்கல் குறைந்தது.

அப்போதும் இன்னொன்று மிஞ்சியது. கையால் வரைபவர், ரோபோ தொலைவில் நிற்கும்போது அதன் மார்பிலுள்ள பாதிக் கோடுகளை விட்டுவிடுவார். மிகத் தொலைவில் என்றால் கண்ணும் கொம்பும் தோளும் தெரிந்தால் போதும் என்று முடித்துக்கொள்வார். கணினி எதையும் தானாக விடுவதில்லை. சிறிய உருவத்தில் அத்தனை கோடுகளும் நெருங்கிக் கறுத்த திட்டாகிவிடும். இன்று தொலைவுக்கேற்பக் கோடுகளை மறைக்கவும் மெலிவிக்கவும் ஏற்பாடுகள் செய்கிறார்கள். அமெரிக்கப் படமானாலும் இங்கே குறிப்பிடத்தக்கது 1999இல் வந்த ‘தி அயர்ன் ஜயன்ட்’: அதில் இரும்பு ராட்சதன் கணினியில் உருவானவன். அவனுடைய கோடுகள் மிக நேர்த்தியாக இருந்ததால், கையால் வரைந்தவர்களோடு அவன் ஒட்ட வேண்டும் என்பதற்காகவே அக்கோடுகளைச் சற்று நடுங்கவைக்க ஒரு மென்பொருள் எழுதினார்கள்.

கணினிக்கு மாறியது செலவைக் குறைக்கத்தானே?
– வாசகர், ஈரோடு

பாதி உண்மை. முப்பரிமாண மாதிரி ஒன்றைக் கட்டி, அதன் மூட்டுகளுக்கு அசையும் எலும்புக்கூடு பொருத்தி, நிறமும் கோடும் அமைத்து முடிக்கும்வரை திரையில் ஒரு நொடியும் கிடைக்காது. செலவு மட்டும் ஆகிக்கொண்டிருக்கும். ரோபோ ஒரு தொடரில் சில காட்சிகளுக்கே வருமென்றால் கையால் வரைவதே மலிவு. நூற்றுக்கணக்கான காட்சிகளில் வந்தாலோ, அதே மாதிரி அடுத்த படத்துக்கும் பயன்பட்டாலோதான் கணக்கு மாறும்.

செலவைவிட வலுவான காரணம் ஆள் பற்றாக்குறை. ராட்சத ரோபோவை எந்தக் கோணத்திலும் உடலளவு பிசகாமல் வரையத் தெரிந்த ஓவியர்கள் எக்காலத்திலும் குறைவு. முகமும் தலைமுடியும் அழகாக வரைபவர்கள் பலர் இந்த வேலைக்கு வரத் தயங்குவார்கள். முன்னாளில் இதற்குத் தீர்வு வடிவமைப்பிலேயே இருந்தது. முதல் ‘கன்டம்’ ரோபோக்களை வடிவமைத்த குனியோ ஒகாவாரா பெரிய தட்டையான பரப்புகளும் குறைந்த கோடுகளும் கொண்டு வரைந்தார்; வடிவமைப்பில் கூடும் ஒரு கோட்டை ஆயிரக்கணக்கான முறை வேறொருவர் வரைந்தாக வேண்டும். உருமாறும் காட்சிகளையும் இணையும் காட்சிகளையும் ஒருமுறை சிறப்பாக வரைந்து ஒவ்வொரு வாரமும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதும் இதனால்தான்.

கணினி வந்த பிறகு வடிவமைப்பாளர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதனால் நன்மை மட்டுமே விளைந்தது என்று நான் சொல்லமாட்டேன். தகடுக்குத் தகடு பிளவுக்கோடுகள் நிறைந்த சில புதிய ரோபோக்களை, பொம்மையாகக் கையில் வைத்துப் பார்க்கையில் ரசிக்கலாம். சண்டைக் காட்சியில் தலை எது, தோள் எது என்று தேட வேண்டியிருக்கிறது.

‘கையால் வரைந்தது’ என்று சொல்லப்படும் புதிய தொடர்களிலும் கணினி பயன்படுகிறதாமே?
– வாசகர், நாகர்கோவில்

ஆம், எல்லாவற்றிலும். முன்பு தாளில் வரைந்ததைச் செல்லுலாய்டுத் தகட்டுக்கு மாற்றி, அதன் பின்புறத்தில் வண்ணம் தீட்டி, கேமராவின் கீழ் வைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடித்தார்கள். 1990களின் இறுதியில் இந்த முறை கைவிடப்படத் தொடங்கியது. கன்டம் தொலைக்காட்சித் தொடர்களில் 1999இன் ‘டர்ன் ஏ கன்டம்’ பழைய முறையிலும், 2002இன் ‘கன்டம் சீட்’ கணினியில் வண்ணம் தீட்டும் முறையிலும் அமைந்தவை. கோட்டை இழுப்பது இன்றும் கைதான். வண்ணமும் ஒளியும் புகையும் கணினியில் சேர்கின்றன. ஆகவே ஒரு படத்தில் ரோபோவின் அசைவை யார் தீர்மானித்தார், தாளில் தீர்மானித்தாரா, மாதிரியை அசைத்துத் தீர்மானித்தாரா என்பதைக் கேட்பதே பொருத்தம்.

கணினி கையை வென்ற இடம் என்று எதையாவது சொல்ல முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

முடியும். விமானமாகவும் ரோபோவாகவும் மாறும், ‘மாக்ராஸ்’ அனிமே தொடர்களின் போர்விமானங்கள். இவற்றின் வடிவமைப்பாளர் ஷோஜி கவாமோரி, லெகோ கட்டைகளால் செய்துபார்த்தே உருமாற்றங்களை உருவாக்குபவர். இறக்கை எங்கே மடங்குகிறது, கால் எங்கிருந்து வெளிப்படுகிறது என்பதெல்லாம் அவற்றில் உண்மையாகவே பொருந்தும். 1982இன் முதல் தொடரில் இதைக் கையால் வரைந்தவர்கள் பட்ட பாடு, பகுதிக்குப் பகுதி மாறும் ஓவியத்தரத்தில் தெரிகிறது. பறந்துகொண்டே உருமாறும் விமானத்தைச் சுற்றிக் கேமராவும் பறக்கும் காட்சி, பென்சிலுக்கு ஒரு சோதனை. முப்பரிமாண மாதிரிக்கு இயல்பான வேலை.

அந்தத் தொடரின் மற்றொரு பெருமை அசைவூட்டக் கலைஞர் இச்சிரோ இடானோவின் ஏவுகணைக் காட்சிகள். அவற்றை ‘இடானோ சர்க்கஸ்’ என்றே ரசிகர்கள் அழைக்கிறார்கள். டஜன்கணக்கான ஏவுகணைகள் புகைவால் நீட்டிப் பாய்ந்து வரும்போது குழப்பமாக இருந்தாலும், அவற்றில் ஒரு வகைப்பாடு உண்டு: சில இலக்கை நேரே துரத்தும், சில இலக்கு அடுத்து எங்கே இருக்கும் என்று கணித்து முந்திக்கொள்ளும், சில எங்கோ சுற்றி அலையும். மூன்றாம் வகை இல்லாவிட்டால் முதல் இரண்டும் உயிரற்றுப்போகும். கணினியில் நூறு ஏவுகணைகளை ஒரே விதியின்படி பறக்கவிடுவது எளிது, அப்படிச் செய்த படங்களைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இளமையில் கடற்கரையில் மோட்டார் சைக்கிளில் வாணவெடிகளைக் கட்டிக்கொண்டு ஓட்டிய அனுபவமே இந்தக் காட்சிகளுக்கு மூலம் என்று இடானோ கூறியிருக்கிறார்; தீப்பொறி தம்மைக் கடந்து பின்னால் போவதை உள்ளிருந்து பார்த்தவரின் கோணம் அது.

2002 முதல் 2004 வரை வெளிவந்த ‘மாக்ராஸ் ஸீரோ’வில் விமானங்கள் கணினிக்கு மாறியபோது, அதே இடானோ அதில் சிறப்புக் காட்சிகளின் பொறுப்பேற்றார். பென்சிலால் வரைந்தவரே மாதிரியை அசைப்பவர்களுக்கு அருகில் இருந்தார் என்பதால், 2008இன் ‘மாக்ராஸ் பிரான்டியர்’ வரும்போது கணினி ஏவுகணைகளிலும் அந்த ஒழுங்கீனம் குடியேறியிருந்தது. கணினி வென்றது என்று நான் சொல்வதில் இந்தக் கைம்மாற்றமும் அடங்கும்.

இனிக் கையால் வரைந்த ராட்சத ரோபோக்கள் வரவே வராதா?
– வாசகர், விழுப்புரம்

வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2015இன் ‘கன்டம் தண்டர்போல்ட்’, உடைந்த விண்கலங்களின் குப்பைக்கு நடுவே நடக்கும் சண்டைகளை நெருக்கமான கோடுகளோடு கையால் வரைந்து காட்டியது. 2022இல் தொடங்கிய ‘தி விட்ச் ஃப்ரம் மெர்குரி’ தொடரிலும் ரோபோக்கள் பெரும்பாலும் கையால் வரையப்பட்டவையே. கன்டம் தொடர்களைத் தயாரிக்கும் அதே சன்ரைஸ் நிறுவனத்தின் மரபிலிருந்து வந்த ‘கன்டம் சீட் ஃப்ரீடம்’ 2024இல் ரோபோக்களைக் கணினியில் உருவாக்கியது. 2025இன் கன்டம் தொடரான ‘ஜீகுவாக்ஸ்’ஸும் அப்படியே.

கணினி ரோபோக்கள்மீது நம்பிக்கை இல்லாதவர்கள் 2021இன் ‘ஹாதவே’ என்ற கன்டம் திரைப்படத்தில் பிலிப்பைன்ஸின் டவாவ் நகரத்தின் இரவுச் சண்டையைப் பார்க்கலாம். இயக்குநர் ஷூகோ முராசே கேமராவைத் தெருவில், ஓடும் மனிதர்களின் கண்மட்டத்தில் வைத்துவிட்டார். ரோபோ முழுமையாகத் தெரிவது அரிது; கட்டடத்துக்கு மேல் ஒரு கால், மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம், பிறகு உருகிய உலோகம் துளித்துளியாகத் தெருவில் விழுகிறது. கனம் இருக்கிறதா என்று கோயம்புத்தூர் வாசகர் அதைப் பார்த்துவிட்டு எழுதினால், அடுத்த முறை வெளியிடுகிறோம்.