செயலியின் யோசனைக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: புறக்கோட்டை மொத்தக் கடைகளின் பொதிகளை, ஒரே திசையில் செல்லும் முச்சக்கரவண்டிகளில் சேர்த்து அனுப்பும் செயலி ஒன்றை நானும் நண்பரும் உருவாக்கி வருகிறோம். முதலீட்டாளரிடம் காட்டுவதற்கு முன் இந்த யோசனைக்குப் பேட்டன்ட் எடுக்க முடியுமா?

நீங்கள் விவரித்த வடிவில் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், பெறுவது மிகக் கடினம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தொழில்நுட்பத் துறையின் குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்கு நடைமுறைத் தீர்வு தருவதையே புத்தாக்கம் என்கிறது. கணித முறைகளையும் வியாபாரம் செய்வதற்கான திட்டங்கள், விதிகள், முறைகளையும் அது விலக்கிவைத்துள்ளது. ஒரே வழியில் போகும் பொதிகளை ஒரே வண்டியில் ஏற்றுவது, கடைச் சிப்பந்திகள் காலங்காலமாக மனக்கணக்காகச் செய்துவருவது. அதைக் கைத்தொலைபேசி செய்கிறது என்பதால் மட்டும் அது புத்தாக்கமாகிவிடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2014இல், அலிஸ் எதிர் சிஎல்எஸ் வங்கி வழக்கில், அருவமான ஒரு கருத்தைச் சாதாரணக் கணினியில் இயக்குவது மட்டும் போதாது என்றே தீர்ப்பளித்தது.

ஆனால் உங்கள் கடிதத்தின் ஒரு வரியை நான் மூன்று முறை வாசித்தேன். நிலக்கீழ்க் களஞ்சியங்களில் சிக்னல் அறுந்துபோகும்போது, கைத்தொலைபேசிகள் ஒன்றுக்கொன்று நேரடியாகத் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் முறை ஒன்றை நீங்கள் அமைத்திருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தொழில்நுட்பப் பிரச்சினை இருப்பது அங்கேதான். அந்த முறை உலகில் எங்கும் முன்னர் வெளியாகாததாகவும், துறைசார்ந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருந்தால், விண்ணப்பிப்பதைப் பற்றி ஆலோசிக்கலாம். கிடைத்தால் உரிமை விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும்.

நீங்கள் எழுதிய கணினி நிரலுக்குப் பதிவு எதுவுமின்றியே பதிப்புரிமை உண்டு. அது நிரலின் வடிவத்தைக் காக்குமே தவிர யோசனையைக் காக்காது. இன்னொருவர் அதே யோசனைக்குத் தம் சொந்த நிரலை எழுதினால் அவரைத் தடுக்க இயலாது.

முதலீட்டாளரைச் சந்திக்கும் முன் இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையொப்பம் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் நீங்களே வெளியிட்டதை நமது சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் அத்தகைய பொதுவான சலுகை இல்லை. நிரலும் முறையும் யாருக்கு எந்தப் பங்கில் உரியவை என்பதை நண்பருடன் இப்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்தத் தரவுப் பரிமாற்ற முறையை மட்டும், படிப்படியாக, வரைபடங்களோடு இரண்டு பக்கங்களில் எழுதி ஆக்கவுரிமை முகவர் ஒருவரிடம் காட்டுங்கள். முச்சக்கரவண்டிக் கதையை அதில் சேர்க்க வேண்டாம்.