மாநிலங்களவையில் ஒரு நாள் எப்படிப் போகும்?

மாநிலங்களவை கூடும் நாளில் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டிவியில் அமளி மட்டும்தான் காட்டுகிறார்கள், அதனால் நியாயமான கேள்வி.

வழக்கமாகக் காலை 11 மணிக்கு அவை கூடும். மறைந்தவர்களுக்கு இரங்கல் இருந்தால் அதுதான் முதலில். அப்புறம் அமைச்சர்கள் ஆவணங்களை மேசையில் வைப்பார்கள். அடுத்தது பூஜ்ய நேரம்: அனுமதி பெற்ற உறுப்பினர் அவசரமான பொதுப் பிரச்சினையைச் சொல்ல மூன்று நிமிடம், தாண்டினால் மைக் அணைந்துவிடும்.

12 மணிக்குக் கேள்வி நேரம். மக்களவையில் இது 11 மணிக்கே வரும். இங்கே 2014-இல் நண்பகலுக்கு மாற்றினார்கள். நட்சத்திரக் கேள்விக்கான (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி) எழுத்துப் பதில் முன்பே மேசைக்கு வந்துவிடும், ஆகவே சூடு பிடிப்பது அந்தப் பதிலைத் தொடர்ந்து கேட்கும் துணைக் கேள்விகளில்தான். கேட்டவர் மட்டுமில்லை, மற்றவர்களும் எழுந்து கேட்கலாம். துறையைச் சரியாகப் படிக்காத அமைச்சர் அங்கே திணறுவது அப்படியே தெரியும். அமளியில் இந்த ஒரு மணி நேரம் வீணாகும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மதியம் மசோதா விவாதம். கட்சியின் பலத்தைப் பொறுத்துப் பேச நேரம் ஒதுக்குவார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும். பெரும்பாலும் மாலை 6 மணிக்கு ஒத்திவைப்பு.