ஏற்காட்டுப் பக்கம் பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியால் ஊருக்கு என்ன ஆபத்து?

பன்றி ஒரே ராத்திரியில் காட்டை உழுதுவிட்டுப் போகும் வேதனை சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் கேள்வி நியாயமானதே. ஆனால் துப்பாக்கி பன்றியோடு நின்றுவிடுவதில்லை.

நாட்டுத் துப்பாக்கியில் குழாயின் வாய் வழியாகக் கரிமருந்து, நார், ஈயக் குண்டு என்று திணிப்பார்கள். அளவு கைக்கணக்குதான். மருந்து கொஞ்சம் கூடினாலும் குழாய் வெடித்துச் சுடுபவர் கையே போகலாம். இருட்டில் புதர் அசைந்தால் அது பன்றியா, விறகு எடுத்து வருபவரா என்று எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய சிக்கல், அதற்கு வரிசை எண்ணோ பதிவோ கிடையாது. குழாயின் உட்புறம் வழவழப்பானது. அதனால் ரைபிள் தோட்டாவில் பதிவதுபோல் குண்டில் தடயக் கோடுகள் விழாது. யார் கைக்கு மாறியது என்று கண்டுபிடிப்பது கடினம். வரப்புச் சண்டையில் கம்போடு முடிய வேண்டியது கொலையில் முடிவது இப்படித்தான். அப்புறம், சாட்சி சொல்லவே ஊரில் ஆள் வராது.

சட்டம் கடுமையானது. 1959 ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தப்படி, உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை. செய்து விற்றால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். காட்டெருமையைச் சுட்டால் வனவிலங்குச் சட்ட வழக்கு தனி.

உரிமம் வேண்டுமென்றால் ஏற்காட்டுக்காரர்கள் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். சேலம் மாநகருக்குள் காவல் ஆணையரிடம்.