பழைய பாய்மர வள்ளம் வாங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வேதாரண்யத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். வயது 44. அப்பா பாய் விரித்துக் கடல் தொழிலுக்குப் போனவர். பழைய பாய்மர வள்ளம் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, விடுமுறை நாட்களில் ஓட்ட ஆசை. முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு 24 அடி மர வள்ளத்துக்கு 90,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுச் செலவு போக மாதம் 12,000 மிஞ்சும். வங்கி டெபாசிட் 3,50,000. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மனைவியின் நகையை அடகு வைப்பதா, டெபாசிட்டை எடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது நியாயமான ஆசை. பழையதைத் தேடுவதும் சரிதான். புதிய உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மட்டுமே 40 சதவீதம்.

ஆனால் நீங்கள் 90,000 ரூபாயை மட்டும் பார்க்கிறீர்கள். கரையில் கிடக்கும் மர வள்ளத்தில் வாங்கும் விலைதான் சின்னச் செலவு. பலகை மாற்ற வேண்டும், பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடிக்க வேண்டும், பாய்மரம், பாயைக் கட்டும் பருமல் கம்பு, பாய்த்துணி, கயிறு, சுக்கான், ஆசாரி கூலி என்று வரிசையாக வரும். நான் சொல்லும் கணக்கு இது: கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வள்ளத்துக்குக் கொடுக்காதீர்கள். அப்படியானால் 90,000 ரூபாய் வள்ளத்துக்கு 2,70,000 ரூபாய் வேண்டும். உங்கள் டெபாசிட்டில் பெரும்பகுதி போய்விடும். அந்தப் பணம் அவசரத்துக்கும், இரண்டு வருடத்தில் வரப்போகும் கல்லூரிக் கட்டணத்துக்கும் உரியது. நகைக்கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால், 90,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10,800. வருமானம் தராத பொருளுக்காக மனைவியின் நகை பெட்டகத்தில் கிடக்க வேண்டாம்.

மாதம் மிஞ்சும் 12,000 ரூபாயில் 7,000 மகளுக்கு. 5,000 ரூபாய்க்குத் தனியாக ஒரு ஆர்.டி. போடுங்கள். இரண்டு வருடத்தில் 1,20,000 ரூபாயும் வட்டியும் சேரும். அப்போது உங்கள் வள்ளத்தின் விலை 40,000 ரூபாய். 24 அடி கிடைக்காது, சின்னதாகத்தான் கிடைக்கும். விடுமுறைக்கு ஓட்ட அது போதும், ஆசாரி கூலியும் குறையும். கொடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அங்கே தண்ணீருக்குள் அதிகம் அமிழாத சின்ன வள்ளம்தான் வசதி. அதே ஆசையுள்ள உறவினரோ நண்பரோ பங்குக்கு வந்தால் காத்திருப்பு பாதியாகும். பங்கை மட்டும் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வருடமும் பார்த்துப் பழகுவதற்கு. தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை, முத்துப்பேட்டை என்று போய் நிறைய வள்ளங்களைப் பாருங்கள். வெளியே ஃபைபர் பூசி பளபளவென்று இருந்தால் மயங்காதீர்கள், பூச்சுக்குள் மரம் உளுத்திருக்கலாம். உள்ளே இறங்கி, ஏரா என்ற அடிமரத்தின் ஓரத்திலும், அணியம் என்ற முன்பகுதியிலும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கிறதா, மரத்தைத் தின்னும் கப்பல் புழு துளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலகை ஒன்றிரண்டு போயிருந்தால் மாற்றலாம். ஏரா போயிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். சிறிய முன்பணம், மீதி தண்ணீரில் இறக்கிப் பார்த்த பிறகு. நாள்கணக்காகக் காய்ந்த பலகை சுருங்கி இடைவெளி விட்டிருக்கும், முதலில் நீர் கசியத்தான் செய்யும். சில நாள் ஊறியதும் மரம் உப்பி கசிவு குறைய வேண்டும். குறையாவிட்டால் விலையைப் பேசுங்கள், அல்லது விடுங்கள்.

முன்பணத்துக்கு முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்: பதிவு யார் பெயரில், கடன் பாக்கி உண்டா, மீன்பிடிக்காத உபயோகத்துக்கு என்ன வழி? நம் கடல் இலங்கை எல்லையை ஒட்டியது. தாள் இல்லாத படகைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது.

வேலையை எப்போது தொடங்குவது என்பதும் காசுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க ஏறிவிடும். அப்போது நல்ல ஆசாரி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி அதிகம். ஜூன் பாதிக்குப் பிறகு பேசுங்கள், செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்தால் மரம் காயாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையில் கிடந்த படகுகளை என்ன செய்தது என்று வேதாரண்யத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வள்ளத்தைக் கரையிலிருந்து தள்ளி, உயரமான இடத்தில் கட்டிவைக்க இடம் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.